கம்பம் ஏறுவதா, ராடு பிடிப்பதா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 20. பள்ளிப்படிப்பு முடித்துவிட்டு ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். மின்விநியோக லைன் வேலையில் நான்கு ஆண்டுப் பயிற்சியாளராகச் சேர இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் முதல் வருடம் உதவித்தொகை மிகக் குறைவு. இன்னொரு பக்கம், ஆறே வாரத்தில் 6ஜி வெல்டர் ஆக்கி, ஆயுள் முழுக்கச் செல்லும் சர்வதேசச் சான்றிதழும் தருவதாக ஒரு தனியார் பயிற்சி மையம் சொல்கிறது. அப்பா 25 வருடம் வெல்டராக இருந்தவர். இப்போது ராத்திரியெல்லாம் இருமுகிறார். “இந்தத் தொழில் என்னோடு போகட்டும்” என்கிறார். அம்மாவுக்கோ கரண்ட் என்றாலே நடுக்கம். எனக்கும் உயரம் என்றால் கொஞ்சம் பயம்தான். எதில் சேரட்டும்? எது நிலைக்கும்?

பதில்:

தம்பி, முதல் ஐந்து வருடம் நானும் ராடு, அதாவது பற்றவைக்கும் கம்பி, பிடித்தவன்தான். மின்கம்பங்களுக்கு அடித்தட்டும், கம்பிகளைத் தாங்கும் கிராஸ் ஆர்ம் என்ற குறுக்குச் சட்டமும் பற்றவைக்கிற ஒரு பட்டறையில் இருந்தேன். அப்புறம் லைன் வேலைக்குப் போய் 18 வருடம் கம்பம் ஏறினேன். இப்போது ஏறப்போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு தொழிலும் என் உடம்பில் தழும்பு விட்டிருக்கின்றன என்பதால் இரண்டைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கேள்வியை லைனா, வெல்டிங்கா என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது நான்கு வருடமா, ஆறு வாரமா என்று படுகிறது. முதலில் அந்த ஆறு வாரத்தைத் தீர்த்துவிடுவோம்.

6ஜி என்றால் என்னவென்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும், உங்களுக்காகச் சொல்கிறேன். தட்டையாகக் கிடக்கும் தகட்டை மேலிருந்து பற்றவைப்பது 1ஜி. நிமிர்த்தி வைத்த தகட்டில் குறுக்காக ஓடும் இணைப்பு 2ஜி, செங்குத்தாக ஏறுவது 3ஜி, தலைக்கு மேலே அண்ணாந்து செய்வது 4ஜி. குழாயைப் படுக்கவைத்து, உருட்ட முடியாதபடி இறுக்கிவிட்டால் 5ஜி. அதே குழாயை 45 டிகிரி சாய்த்து இறுக்கினால் 6ஜி. குழாய் அசையாது, நீங்கள்தான் அதைச் சுற்றி வரவேண்டும். அடியில் தொடங்கும்போது உருகிய உலோகம் முகத்தை நோக்கித் தொங்கும். பக்கவாட்டில் ஏறும்போது வழியப் பார்க்கும். உச்சிக்கு வந்தால் குட்டை மாதிரித் தேங்கும். சாய்வு வேறு இருப்பதால் எல்லா இடத்திலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். விரற்கடைக்கு ஒருமுறை ராடின் கோணமும் கையின் வேகமும் மாறவேண்டும். இதில் தேறியவரை மற்ற நிலைகளிலும் பற்றவைக்கலாம் என்று தரவிதிகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வது இதனால்தான்.

இரண்டு மூன்று வருடம் கைபழகிய வெல்டரை ஆறு வாரத்தில் 6ஜி தேர்வுக்குத் தயார் செய்யலாம். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருமுறைகூட ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடர்) அடித்திராத ஒருவரை ஆறு வாரத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன் என்பவர், ஒன்று தொழில் தெரியாதவர், இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டு பேசுகிறவர்.

அந்த “ஆயுள் முழுக்கச் செல்லும்” என்ற வார்த்தையே போதும், கதவைச் சாத்திவிட்டு வரலாம். கொதிகலன், அழுத்தக் கலன் வேலைகளுக்கு உலகம் முழுக்கப் புழங்குகிற ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவில், ஒரு வெல்டர் ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதத்துக்கு மேல் கையில் எடுக்காவிட்டால் அந்த முறைக்கான அவருடைய தகுதி காலாவதி. வெல்டர்களின் தகுதித் தேர்வுக்கான சர்வதேசத் தரவிதியான ஐஎஸ்ஓ 9606-ன்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, “இவர் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்” என்று பொறுப்பானவர் கையெழுத்துப் போடவேண்டும். வெல்டரின் தகுதி அவர் கையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை என்று தரவிதி எழுதியவர்களே நினைக்கிறார்கள். போதாததற்கு, பெரிய கட்டுமானத் தளம் எதற்குப் போனாலும் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, “சரி, இந்தக் குழாயைப் போடுங்கள் பார்க்கலாம்” என்பார்கள். அங்கே காகிதம் வாயே திறக்காது.

நான் முதன்முதலில் தேர்வு எழுதிய கதையைச் சொல்கிறேன். எழுதிய என்றால், தகட்டில். 3ஜி நிலை. பற்றவைத்த தகட்டிலிருந்து பட்டை பட்டையாக வெட்டி, இயந்திரத்தில் வைத்து லாடம் மாதிரி வளைப்பார்கள். வளைந்த முகத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு வாய் திறந்தாலும் தோல்வி. என் தகடு வெளியே பார்க்க மீன் செதில் அடுக்கிய மாதிரி அழகாக இருந்தது. வளைத்தார்கள், வாய் பிளந்தது. இரண்டாவது முறையும் பிளந்தது, மூன்றாவது முறையும் பிளந்தது. மூன்று முறையும் ஒரே மாதிரியான இடத்தில். ராடு தீர்ந்து, புது ராடு மாட்டி மறுபடி தொடங்குகிற அந்த இடம். பழைய குட்டையின் விளிம்பிலிருந்த கசடைச் சுத்தமாகத் தட்டாமல், கிரைண்டர் எடுக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே அடுத்த ராடை ஓட்டியிருந்தேன். ஒரு நிமிட வேலை அது. சொல்லிக்கொடுத்த மேஸ்திரி திட்டவில்லை. உடைந்த மூன்று பட்டைகளையும் என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு அனுப்பிவிட்டார். ஒரு வாரம் அவற்றைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அதனால் எந்த வெல்டிங் பயிற்சி மையத்துக்குப் போனாலும் சான்றிதழைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு மாணவன் கையில் ஆர்க் எவ்வளவு நேரம் எரியும் என்று கேளுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், வளைத்துப் பார்க்கும் இயந்திரம் உள்ளேயே இருக்கிறதா, கழிவுத் தொட்டியில் வெட்டியெறிந்த தகடுகள் எவ்வளவு கிடக்கின்றன என்று பாருங்கள். தொட்டி நிறைந்திருந்தால் நல்ல இடம். சுவரில் பளபளவென்று ஏழெட்டு மாதிரிகளை மாட்டிவைத்துத் தொட்டியைக் காலியாக வைத்திருக்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சரி, ஆறு வாரம் போகட்டும். ஒழுங்கான, நீண்ட வெல்டிங் பயிற்சி ஒன்று கிடைத்தால் அது எப்படிப்பட்ட தொழில் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தீப்பொறிதான் தெரியும். உண்மையில் ஆர்க் எரியும் நேரம் கொஞ்சம். அளப்பது, வெட்டுவது, விளிம்பைச் சாய்வாகச் செதுக்குவது, இடைவெளி பார்த்து டேக் போடுவது (நகராமல் இருக்க அங்கங்கே சிறு பற்று வைப்பது), தேய்ப்பது, காத்திருப்பது இவைதான் பாதி நாள். உள்ளே இருக்கிற ரூட் பாஸ் என்ற முதல் அடுக்கு சரியில்லாவிட்டால் மேலே எத்தனை அழகாகக் கேப்பிங் என்ற கடைசி அடுக்கைப் போட்டாலும் எக்ஸ்ரேயில் மானம் போய்விடும்.

இந்தத் தொழிலில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஈரம். 7018 என்று ஒரு ராடு இருக்கிறதே, அதன் எண்ணில் கடைசியில் வரும் 8, மேற்பூச்சு ஹைட்ரஜன் குறைந்த வகை என்பதைச் சொல்கிறது. அட்டையைப் பிரித்த பிறகு அதை 120 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக இருக்கும் ராடு அடுப்பில்தான் வைக்கவேண்டும். வெளியே போட்டுவைத்தால் பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் ஆர்க்கின் வெப்பத்தில் பிரிந்து, ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்துகொள்ளும். வலிமை கூடிய எஃகிலும் தடித்த தகட்டிலும் அது விரிசலாக வெளிப்படும். உடனே வெளிப்படாது. மணிக்கணக்கில் கழித்தோ, மறுநாளோ. சில வகை எஃகுக்கு 48 மணி நேரம் கழித்துத்தான் இறுதிப் பரிசோதனை என்று விதியே இருக்கிறது. அதாவது, நீங்கள் கைகழுவி வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் வெல்ட் பிளக்கும். யாரும் பார்க்காதபோது ராடை அடுப்பில் வைத்தீர்களா, வெளியே போட்டீர்களா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கப்பல் ஒன்றே இரண்டாகப் பிளந்திருக்கிறது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், புயலும் இல்லாமல் போரும் இல்லாமல், கட்டுத்துறையில் அமைதியான நீரில் நின்றபடியே நடுவில் பிளந்தது. முதலில் பழி வெல்டர்கள் மேல் விழுந்தது. பிறகுதான் குளிரில் அந்த எஃகு நொறுங்கும் தன்மை உள்ளது என்பது போன்ற காரணங்களும் தெரியவந்தன. இதில் வெல்டர் கவனிக்க வேண்டியது வேறு. ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விரிசல் விட்டால் அது பெரும்பாலும் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பல் முழுக்க ஒரே துண்டு. விரிசல் ஓட ஆரம்பித்தால் தடுக்க ஆளில்லை.

உங்கள் அப்பாவின் இருமலுக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் முடிவெடுப்பதில் அதுதான் பெரிய பாரமாக இருக்கிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் வெல்டிங் புகையையும், ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அப்பா வேலை பார்த்த காலத்தில் இதைச் சொல்ல யாருமில்லை. கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் போட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைத்தோம். ஹெல்மெட் வெளிச்சத்தைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. புகை நேராகத் தாடைக்குக் கீழே புகுந்து உள்ளே ஏறும்.

துத்தநாகம் பூசிய இரும்பில் ரிப்பேர் வேலை செய்த ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். எஃகு உருகவே ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகுவதற்கு முன்பே பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பற்றவை என்று சொல்லியிருந்தார்கள், நான் அவசரத்தில் செய்யவில்லை. அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி உதறல், வாயில் இரும்புச் சுவை. மறுநாள் சரியாகிவிட்டது. பால் குடித்தால் போய்விடும் என்று பட்டறையில் சொன்னார்கள். வெல்டர்கள் இருக்கிற இடமெல்லாம் இந்தப் பேச்சு உண்டு. பால் வயிற்றுக்குப் போகும், புகை போன இடம் நுரையீரல். துத்தநாகக் காய்ச்சலாவது ஓரிரு நாளில் தெளியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றவைக்கும்போது வருகிற ஆறிணைதிறன் குரோமியம் என்ற நச்சு அப்படி விட்டுப்போவதில்லை.

அப்பா சொல்வதில் பாதி சரி என்பேன். அவரைக் கெடுத்தது வெல்டிங் என்பதைவிட, புகை உறிஞ்சி இல்லாத பட்டறையில் 25 வருடம் வெல்டிங் என்பது பொருத்தம். ஆர்க்குக்குப் பக்கத்திலேயே புகையை இழுக்கும் குழாய், தேவையான இடத்தில் காற்று ஊட்டும் ஹெல்மெட், தலையைப் புகைக்குள் நீட்டாமல் பக்கவாட்டில் வைத்துச் செய்யும் பழக்கம், இவை மூன்றும் இருந்தால் அதே தொழிலை வேறு மாதிரி செய்யலாம். தொட்டிக்குள்ளோ பள்ளத்துக்குள்ளோ ஆர்கான் வாயுவை ஓடவிட்டு வேலை செய்வதென்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, நிறமோ வாசனையோ கிடையாது. கீழே தேங்கிப் பிராணவாயுவைத் தள்ளிவிடும். ஆள் மயங்கும்வரை எந்த அறிகுறியும் தெரியாது.

இனி அம்மாவின் நடுக்கம். அவர் பயப்படுவதில் தப்பே இல்லை, நானும் பயப்படுகிறேன். பத்து மில்லியாம்பியரைத் தாண்டினால் பிடித்த கம்பியை விடமுடியாமல் கை இறுகிக்கொள்ளலாம். ஐம்பதிலிருந்து நூறுக்குள் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம். ஒரு 40 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 170 மில்லியாம்பியர். நாங்கள் ஏறுகிற கம்பத்தில் ஓடுவது 11 கேவி, 33 கேவி, அதாவது 11,000, 33,000 வோல்ட். அமெரிக்காவில் 1891-ல் மின்தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவராக இருந்த ஹென்றி மில்லரும் லைன்மேன்தான். 1896-ல் வேலையின்போது மின் அதிர்ச்சி பட்டுக் கம்பத்திலிருந்து விழுந்து இறந்தார். அந்தக் காலத்தில் பயிற்சி என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது. ஏறத் தெரிந்தவன் லைன்மேன்.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் நான்கு வருடம் அப்படிப்பட்ட சாவுகளிலிருந்து மெல்ல மெல்ல எழுதப்பட்டது. அதன் சாரம் ஒரு வரிசை. லைனைத் துண்டிக்க வேண்டும், துண்டித்தது கண்ணால் தெரியவேண்டும். யாரும் மறுபடி போட முடியாதபடி பூட்டிப் பலகை மாட்டவேண்டும். வேலை செய்யலாம் என்ற எழுத்து அனுமதியான பெர்மிட் கையில் வரவேண்டும். லைனில் கரண்ட் இல்லை என்று டெஸ்ட் பண்ணவேண்டும். அதற்கு முன் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும், பண்ணிய பிறகும் மறுபடி பார்க்கவேண்டும். அப்புறம் எர்த் போடவேண்டும், அதாவது கம்பியைத் தரையோடு இணைக்கவேண்டும். எர்த் போடும்போது தரைப்பக்கக் கிளாம்ப் முதலில், கம்பிப்பக்கம் பிறகு. கழற்றும்போது தலைகீழ். இதை ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆயிரமாவது முறை, மழையில், பசியில், “சீக்கிரம் கரண்டு வருமா” என்று கீழே பத்துப் பேர் கத்தும்போது அதே வரிசையில் செய்வதற்குத்தான் நான்கு வருடம்.

நான் மூன்றாம் வருடப் பயிற்சியாளராக இருந்தபோது புயல் ஓய்ந்த மறுநாள் ஒரு வேலை. சுவிட்சைத் திறந்து, லைன் கிளியர் என்ற அனுமதி வாங்கி, டெஸ்ட் செய்து, எர்த்தும் போட்டு, காலையிலிருந்து வேலை நடந்தது. சாப்பிட்டுவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனோம். இடையில் கம்பி அறுந்து கிடந்தது. நான் ஏறிவிட்டேன், காலையிலேயே பார்த்தாயிற்றே என்ற நினைப்பு. கீழேயிருந்து ஃபோர்மேன், “டெஸ்டரை எடு” என்றார். எரிச்சலோடு எடுத்தேன். அது அலறியது.

விஷயம் இதுதான். கம்பி அறுந்திருந்ததால் நாங்கள் போட்ட எர்த் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது. அந்தப் பகுதியில் ஏதோ ஒரு கட்டடத்தில் மின்தடைக்காக ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள், இடையில் மாற்றுச் சுவிட்ச் வைக்காமல். ஜெனரேட்டரின் 400 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியாது. 11,000-ஐ 400 ஆக்குகிற அதே சுருள் 400-ஐ 11,000 ஆக்கிக் கம்பத்துக்கு அனுப்பிவிட்டது. என் கை கம்பியிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. இறங்கி வந்து உட்கார்ந்தேன், அரை மணி நேரம் கால் நிற்கவில்லை. ஃபோர்மேன் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமும் எர்த் போட ஏற்பாடு செய்யப் போய்விட்டார். அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை அம்மாவிடம் சொல்லவேண்டாம். சொல்வதாக இருந்தால் முழுதாகச் சொல்லுங்கள். அந்த அலறலுக்குப் பிறகும் 15 வருடம் ஏறினேன், வரிசையை ஒருநாளும் விடவில்லை.

உயரம் பற்றி. நீங்கள் எழுதிய “கொஞ்சம் பயம்” எனக்குக் கவலை தரவில்லை. பயமே இல்லை என்று வருகிற பையன்களைத்தான் நான் முதல் மாதம் கண் எடுக்காமல் பார்ப்பேன். சாதாரணப் பயம், கொக்கியையும் பெல்ட்டையும் நம்பக் கற்றுக்கொண்டால் சில வாரத்தில் படியும். பெல்ட்டைக் கம்பத்தோடு பிணைக்கும் லேன்யார்டு என்ற இரண்டு கயிறுகளில் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும், ஒன்றை மாட்டாமல் மற்றதை எடுக்கக்கூடாது என்பது விரல்களுக்கே பழகிவிடும். படியாத பயமும் உண்டு. மேலே போனதும் கை இறுகி, சொல்வது காதில் விழாமல், இறங்கவும் முடியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கோழைத்தனம் இல்லை, உடம்பின் சுபாவம். அப்படியிருந்தால் இந்தத் தொழில் வேண்டாம். எந்த ரகம் என்பதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. சேர்வதற்கு முன் பயிற்சிக் கம்பத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் அவர்களே அதைத்தான் விரும்புவார்கள். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: கம்பத்தின் மேல் மயங்கித் தொங்குகிறவரை இறக்கும் பயிற்சி எத்தனை நாளைக்கு ஒருமுறை நடக்கிறது? பெல்ட்டில் அசைவில்லாமல் தொங்கும் உடம்புக்கு நிமிடங்களில் ஆபத்து. அதற்குப் பொம்மையை வைத்துப் பழகாத இடத்தில் நான் என் மகனை விடமாட்டேன்.

முதல் வருடம் உங்களுக்குச் சலிக்கும், சொல்லிவிடுகிறேன். கீழே நின்று கயிற்றில் சாமான் கட்டி அனுப்புவது, முடிச்சு போடுவது, குழி தோண்டுவது, வண்டியைச் சுத்தம் செய்வது. ரப்பர் கையுறையைச் சுருட்டிக் காற்று அடைத்து, எங்கேயாவது ஊசித்துளை அளவு கசிகிறதா என்று தினமும் பார்ப்பது. இந்தக் கையுறைக்கும் வகுப்பு உண்டு. 0 வகுப்பு 1000 வோல்ட் வரை, 2 வகுப்பு 17,000 வரை. மேலே தோல் உறை போடாமல் அதைப் போடக்கூடாது.

போகப் போக வேலை பிடித்துவிடும். அலுமினியக் கம்பியை உதாரணமாகச் சொல்கிறேன். வெட்டிய உடனே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் படரும், அது கரண்டைக் கடத்தாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பேஸ்ட் தடவி, உடனே அமுக்கி இணைக்கவேண்டும். தேய்க்காமல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. லோடு ஏறும்போதெல்லாம் அந்த இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, சில வருடம் கழித்து ஒரு ராத்திரி அறுந்து விழும். கம்பி இழுக்கும்போது அன்றைய வெப்பநிலையைப் பார்த்துத் தொய்வு கொடுக்கவேண்டும். உச்சி வெயிலில் கம்பி நீண்டு தொங்கும். அப்போது அழகாகத் தெரியட்டும் என்று விறைப்பாக இழுத்துக் கட்டினால் குளிர்காலத்தில் சுருங்கி இன்சுலேட்டரைப் பிடுங்கும். வெல்டிங்கில் ஈரம் எப்படியோ, இங்கே இது.

எது நிலைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் நிலைக்கும், வடிவம் மாறி. தொழிற்சாலைக்குள் ஒரே மாதிரி இணைப்பை நாள் முழுக்கப் போடுவதற்கு ரோபோ வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில், இரண்டு குழாய்களுக்கு நடுவே கண்ணாடி வைத்துப் பார்த்துப் பற்றவைக்க இன்னும் ஆள்தான் வேண்டும். லைனிலும் கம்பிகள் தரைக்கு அடியில் கேபிளாகப் போகின்றன. கேபிள் ஜாயின்ட் போடுவதும் நீங்கள் பழகக்கூடிய கைவேலையே. வயதாகி முட்டி சொன்னபடி கேட்காதபோது வெல்டருக்குப் பரிசோதகர் வேலை, எக்ஸ்ரே, அல்ட்ராசானிக் என்று வழிகள் உண்டு. லைன்மேனுக்குத் துணைமின்நிலையம், பாதுகாப்பு ரிலே, கட்டுப்பாட்டு அறை, என் மாதிரிப் பயிற்றுநர் வேலை உண்டு. ஊதியத்தைப் பற்றி நான் பேசவில்லை. இரண்டிலும் கைதேர்ந்தவருக்குக் குறை இருக்காது, அரைகுறைக்கு இரண்டிலும் கஷ்டம்தான். வேலை நேரத்தில்தான் வித்தியாசம். வெல்டருக்கு வேலை முடிந்தால் முடிந்தது. லைன்மேனுக்குக் காற்று பலமாக அடித்தாலே மனசு ஃபோனில் இருக்கும். விசேஷ நாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் புயலுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை, பல வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் சுபாவம். வெல்டர் பெரும்பாலும் தனி ஆள். ஹெல்மெட்டை இறக்கிவிட்டால் அவரும் அந்தக் குட்டையும்தான். நல்லதோ கெட்டதோ, போட்டது அவர் பெயரில் அங்கேயே கிடக்கும். தான் இரண்டு மணி நேரம் போட்டதைத் தானே வெட்டியெறிய மனசு வரவேண்டும். லைன்மேன் அப்படியல்ல, அவர் உயிர் இன்னொருவர் வரிசையை ஒழுங்காகச் செய்தாரா என்பதில் இருக்கிறது, இன்னொருவர் உயிர் அவரிடம் இருக்கிறது. பிடிக்காத ஆளோடும் சேர்ந்து வேலை செய்யவேண்டும், எரிச்சலான நேரத்தில் சொன்னதைக் கேட்டு டெஸ்டரை எடுக்கவேண்டும். கிடங்கில் உங்களுக்கு எந்த நாள் நல்ல நாளாக இருக்கிறது, தனியாக ஒரு வேலையை முடிக்கும் நாளா, நாலு பேர் சேர்ந்து இழுக்கும் நாளா? அதில் பதில் கொஞ்சம் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், லைன் பயிற்சி இடத்தை விடாதீர்கள். குறைந்த உதவித்தொகையைப் பார்த்து மலைக்கவேண்டாம். ஆறு வார மையத்துக்குக் கட்டவிருந்த பணம் கையில் இருக்குமே, முதல் வருடத்தின் பற்றாக்குறைக்கு அது உதவும். கம்பத்தில் ஏறிப் பார்த்து, பயம் படியாத ரகம் என்று தெரிந்தால் தயங்காமல் இறங்கி, நீண்ட வெல்டிங் பயிற்சி ஒன்றைத் தேடுங்கள். அப்போது உங்களிடம் யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கும். உருகிய குட்டையைப் பார்த்தே கோளாறைச் சொல்லக்கூடிய ஒரு மனிதர் வீட்டிலேயே இருக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். பகலில் வரிசையைப் பழகிவிட்டு ராத்திரி ஆர்க் அடித்தால் கண் கரிக்கும், மறுநாள் கம்பத்தில் அது ஆகாது.

கடைசியாக, அப்பாவின் இருமல். வெல்டருக்கு இருமல் சகஜம் என்று வீட்டில் விட்டுவிட்டிருப்பீர்கள். விடாதீர்கள். நெஞ்சக மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிப்போங்கள். போவதற்கு முன் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தெந்த வருடம் எங்கே, சாதா இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா, துத்தநாகம் பூசியதா, எந்த ராடு, மூடிய இடமா, திறந்த வெளியா, புகை பிடித்தாரா. பல நேரம் மருத்துவர் “என்ன வேலை” என்று கேட்பார், “வெல்டிங்” என்று ஒரு வார்த்தையில் பதில் போய்விடும். அந்தத் தாள் இருந்தால் அவர் எதைத் தேடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.